மீசைக்குள் பேசிய அப்பா

விஷக்காய்ச்சல் என் உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போனபோது நான் பாவாடை கட்டிய சிறுமி. அழுதேன், அழுது ஓய்ந்தேன், பிறகு மற்றவர்களின் உதடுகளைப் பார்க்கத் தொடங்கினேன். அது எவ்வளவு ருசியான வேலை என்று காது கேட்பவர்களுக்குத் தெரியாது. கண்டி டவுனில் எங்கள் அரிசிக் கடையின் மேல்மாடி ஜன்னலில் உட்கார்ந்தால், எதிர்ச்சாரியில் இரண்டு பேர் குசுகுசுக்கும் இரகசியம் முழுவதும் என் கையில். ஊர் வம்புக்கு அம்மாவே என்னிடம்தான் வருவாள்.

ஒருவர் பேச்சு மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. அப்பாவின் மீசை அப்படி. மேலுதட்டை மூடிக் கீழுதட்டிலும் இறங்கிக் கிடக்கும். அவர் பேசினால் மீசைதான் ஆடும். சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவார், அதுவும் பெரும்பாலும் மருந்தைப் பற்றியே இருக்கும். என் காது திரும்பி வந்தே தீரும் என்பது அவர் பிடிவாதம். தெல்தெனிய வைத்தியரின் எண்ணெய், அக்குறணையில் ஓதிய தண்ணீர், கதிர்காமத்துக்கு நேர்த்தி என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வரும். போன காது போகட்டும், இருக்கிற அப்பா எனக்கு வேண்டும்.

ஒருநாள் துணிந்து கேட்டேன். "மீசைய எடுத்துருங்கப்பா. நீங்க பேசுறது எனக்கு வெளங்கும்."

எங்கள் வழக்கத்தில் பெற்றவர் செத்தால்தான் ஆண்பிள்ளை மீசையை எடுப்பான். அப்பா சிலேட்டில் குச்சி உடைய அழுத்தி எழுதினார்: 'உயிரோட இருக்கிற காதுக்குக் கருமாதி பண்ணச் சொல்றியா?'

அந்தச் சமயத்தில்தான் தமிழ் பேசும் படம் கண்டிக்கு வந்தது. ஊரே துள்ளியது. ஊமைப் படம் ஓடிய காலத்தில் எனக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசமே இருந்ததில்லை. இனி அந்தச் சந்தோஷமும் போச்சே என்று வயிறெரிந்தது. ஆனாலும் வீம்புக்குப் புறப்பட்டேன். பகல் காட்சி. பெண்கள் பக்கம் வாங்குப் பலகையில் நானும் தங்கையும், ஆண்கள் பக்கம் அப்பா.

விளக்கு அணைந்தது. திரையில் ஆள் உயரத்துக்கு ஒரு முகம், அதில் முழம் நீள உதடு, பேசுவதோ தமிழ். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாட்டு வந்தால் வாய் இழுபட்டு ஒன்றும் விளங்கவில்லை. பேச்சு வந்தால் ஒரு சொல்லையும் நான் விடவில்லை.

திடீரென்று ஆண்கள் எல்லாரும் எழுந்து, விரலை வாயில் வைத்து விசிலடிக்கிறார்கள். கால்களை உதைக்கிற அதிர்வு என் வாங்குவரை வந்தது. திரை வெளிச்சத்தில் தங்கை முகத்தைப் பார்த்தேன்.

"சத்தம் போச்சுக்கா. மெஷின் கெட்டுருச்சு. ஒன்னும் கேக்கல."

"எனக்கு ஒன்னும் போகலையே," என்று சொல்லிவிட்டு, திரையில் ராணி பேசுவதை அப்படியே ஒப்பித்தேன். பக்கத்துப் பெண்கள் திரும்பினார்கள். அவர்களே என்னைப் பிடித்து வாங்கின்மேல் ஏற்றினார்கள். ராணி அழுதால் அழுதபடி, தோழி கெஞ்சினால் கெஞ்சியபடி சொன்னேன். யாராவது திரும்பிக்கொண்டால், "முதுகக் காட்டுறா, தெரியல" என்று விட்டுவிட்டேன். விசில் அடங்கியது. இத்தனை நாளும் ஊர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான், அன்று கொட்டகையே என் வாயைப் பார்த்தது. எனக்குக் கால் தரையில் இல்லை.

அப்போது ராஜா வந்தார். தங்கை கையைப் பிடித்து இழுத்தாள். "ராஜா என்னாக்கா சொல்றாரு?"

"தெரியல. மீசைக்குள்ள பேசுறாரு."

கொட்டகை முழுக்கச் சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை என்று தங்கை பிறகு சொன்னாள்.

மறுநாள் காலை அப்பா கடையைத் திறக்காமல் எங்கோ போய்விட்டு வந்தார். அவரைக் கண்டதும் அம்மா தலையில் கை வைத்தாள். "ஐயோ, யாரு போனது?" மூக்குக்குக் கீழே வெயில் படாத தோல் வெளிறிக் கிடந்தது. அப்பாவின் மேலுதடு அவ்வளவு மெல்லியது என்பதை அன்றுதான் கண்டேன். கண்கள் சிவந்திருந்தன.

ஒரு கதிரையை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்து, எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். நான் அந்த உதட்டையே பார்த்தேன்.

"நேத்து நீ போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. பொம்பளப் புள்ள, கொஞ்சம் மெதுவாப் பேசு தாயி."

காய்ச்சலுக்குப் பிறகு அப்பா வாயால் நான் வாங்கிய முதல் ஏச்சு அது. சிலேட்டைத் தூக்கி அலுமாரிக்கு மேலே போட்டேன்.

"இன்னொரு தரம் சொல்லுங்கப்பா," என்றேன். அதுவும் தெருமுனைக்குக் கேட்டிருக்கும்.