ஓநாய் பெருக்கிய வாசல்

ஓய்கன் க்னோட்லருக்குத் தொண்டை இரண்டு. ஒன்று பேசுவதற்கு, இன்னொன்று அலறுவதற்கு. பேசும் தொண்டையால் ரொட்டிக் கடையில் இரண்டு ப்ரெட்செல் கேட்டால் கடைக்காரி "என்ன?" என்று மூன்று முறை கேட்பாள். அலறும் தொண்டையைத் திறந்தால் எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துவிடும். பதினாறு வயதில், அப்பா வேலை பார்த்த அதே ஆலைக்குப் போனான். பின்னல் இயந்திரங்களுக்கு ஊசி செய்யும் ஆலை. இடுப்பு வரை முடி. வேலை நேரத்தில் அதைக் கொண்டை போட்டு வலைத்தொப்பிக்குள் திணித்துக்கொள்வான்.

எங்கள் பிளாக் மெட்டல் இசைக்குழுவில் அவன் பாடினான், நான் டிரம்ஸ் அடித்தேன். அதனால் அவனைக் கிண்டல் செய்ய எனக்கு முழு உரிமை உண்டு. ஊருக்கு மேலே நிற்கும் ஊளைப்பாறையின் பெயரையே குழுவுக்கு வைத்தோம். பழைய தெய்வங்களைப் பற்றியும் பனிக்காலத்தைப் பற்றியும் பாட்டு. முகத்தில் வெள்ளையும் கரியும். சொந்தப் பெயர் யாருக்கும் கிடையாது. ஓய்கன் 'ராவோநாய்', அதாவது ராத்திரி ஓநாய். நான் 'இடிச்சுத்தி'. பகலில் நான் பல்செட் செய்கிறவன் என்பது வேறு விஷயம்.

மூன்று வருடம் மாரடித்து, தொண்ணூற்றைந்தில் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்து முடித்தோம். நவம்பரில் இசைத்தட்டுக் கம்பெனிக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. அட்டைப்படம் திங்கட்கிழமைத் தபாலில் கிளம்பியாக வேண்டும், இல்லையென்றால் தட்டு அச்சடிக்கும் உங்கள் முறை வேறு குழுவுக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தார். ஓய்கன் அதை ஆலை வாசலில் வைத்து என்னிடம் காட்டினான்.

"தினமும் ஆயிரக்கணக்குல ஊசி பண்றேன்டா. அதுல ஒண்ணையாவது 'இது நான் பண்ணது'ன்னு காட்ட முடியுமா? இதைக் காட்டலாம்," என்றான். அவன் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அன்றுதான் கேட்டேன்.

சனிக்கிழமை ஊளைப்பாறையின் மேல் படம் எடுப்பதாக ஏற்பாடு. எடுப்பவள் எங்கள் கிடார்க்காரனின் தங்கை குட்ருன். ஞாயிறு முழுக்க அவளுக்குப் படம் கழுவவே சரியாக இருக்கும். எனவே சனியை விட்டால் கதி இல்லை. குழுவின் மற்ற இருவரும் நேரே பாறைக்குப் போய்விட, நானும் ஓய்கனும் அவன் வீட்டில் களிம்பும் கரியும் அப்பி, ஆணி அடித்த கைப்பட்டைகளை மாட்டிக்கொண்டு படியிறங்கினோம். கீழ்வீட்டு ஹெக்கல் அம்மா கைப்பையோடு நின்றிருந்தார்.

"க்னோட்லர், இந்த வாரம் பலகை உங்க கதவுலதானே தொங்குது?"

எங்கள் ஊர் மாடிவீடுகளில் அந்தப் பலகை யார் கதவில் தொங்குகிறதோ அவர்தான் அந்த வாரம் படிக்கட்டு, வாசல், தெருவோரம் எல்லாம் பெருக்க வேண்டும். கெடு சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை விளக்குமாற்றைத் தொட்டால் ஊரே பேசும். படம் எடுக்கும் பரபரப்பில் ஓய்கன் பலகையையே மறந்துவிட்டான்.

"ஆமாங்க," என்றான்.

"மணி மூணு ஆச்சு." எங்கள் முகத்தில் என்ன அப்பியிருக்கிறது என்று அந்த அம்மா ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"டேய், போயிட்டு வந்து பெருக்கலாம்டா. நாலரைக்கு இருட்டிடும்!" என்றேன்.

"பத்து நிமிஷம்டா."

"சாத்தானுக்கே பயப்படாதவன் மாதிரி அலறுறே, ஒரு பலகைக்குப் பயப்படுறியே!"

"சாத்தான் நம்ம ஆளு இல்லடா, அது சர்ச்சுக்காரங்க ஆளு. நமக்குப் பழைய தெய்வம் வோட்டான்."

"சரி, வோட்டான் வாசல் பெருக்குவாரா?"

"அவரு எங்க மாடியில குடியில்லையே."

பெருக்கினான். ஆணிப்பட்டை கைப்பிடியில் கீச்சுக் கீச்சென்று உரசியது. "மூலை," என்றார் ஹெக்கல் அம்மா. மூலையையும் பெருக்கினான். பத்து நிமிடம் அரை மணியாயிற்று. பிறகு சுள்ளி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனான். அங்கே லிண்டன் மரம் தன் இலையையெல்லாம் அன்றைக்கென்று உதிர்த்து வைத்திருந்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"மூணு வருஷ உழைப்பை ஒரு விளக்குமாத்துக்கு வித்துட்டியேடா!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

ஓய்கன் நிமிர்ந்து பார்த்தான். "எனக்கு வலிக்கலைன்னு நெனைச்சியா? நான் பெருக்கலைன்னா அந்தம்மா பெருக்குவாங்க. முட்டி வீங்கிக் கெடக்கு. வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க," என்றான்.

வெட்கமாகிவிட்டது. குப்பை முறத்தை எடுத்துக்கொண்டு குனிந்தேன். வேலை முடிந்து பாறைக்கு ஓடியபோது சூரியன் போய்விட்டிருந்தது. ஆனாலும் ஏதோ எடுத்தோம்.

ஞாயிறு மாலை குட்ருன் படங்களை மேசையில் பரப்பினாள். பாறையில் எடுத்தது எல்லாம் இருட்டு; நடுவே நாலு கொழுக்கட்டை மாதிரி எங்கள் முகம். ஓய்கன் எழுந்து சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இரு, இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள் குட்ருன்.

நேரமாகிறதே என்று எங்களைத் தேடி வந்தவள், தெருவின் எதிர்ப்பக்கம் நின்று எங்களுக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறாள். நான் கத்தியதும் ஓய்கன் நிமிர்ந்தானே, அந்த நொடி. சாய்ந்த வெயில், முழங்கால் வரை சுழலும் இலையும் தூசியும், கையில் சுள்ளி விளக்குமாறு, வெள்ளை முகத்தில் அத்தனை துக்கம். பின்னால் நின்ற என்னைத் தூசி மறைத்துவிட்டது, நல்லவேளை. திங்கட்கிழமைத் தபாலில் அது போயிற்று.

வியாழக்கிழமை கம்பெனிக்காரர் போன் செய்தார். "யாருய்யா அந்த ஆளு? பார்த்தா நடுங்குது! அது என்ன சடங்கு?"

"எங்க பக்கம் வாராவாரம் நடக்கும்," என்றேன். பொய் இல்லையே.

பிப்ரவரியில் பெட்டி வந்தது. முதல் தட்டை எடுத்துக்கொண்டு ஓய்கன் கீழ்வீட்டுக்குப் போனான். வேடிக்கை பார்க்க நானும் போனேன். ஹெக்கல் அம்மா கண்ணாடி மாட்டி அட்டையை ஆராய்ந்தார்.

"இடது பக்கம் இன்னும் இலை கிடக்கு."

"அப்புறம் பெருக்கிட்டேங்க."

அட்டையைத் திருப்பினார். "இதுல உங்க பேரு எங்க?"

ஓய்கன் 'ராவோநாய்' என்ற இடத்தைத் தொட்டுக் காட்டினான்.

"ஓநாய் என்னைக்கு வாசல் பெருக்குச்சு? பெருக்கினது க்னோட்லர்." உள்ளே போய் ஒரு பேனாவோடு வந்தார்.

ஓய்கன் அட்டையைச் சுவரில் வைத்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினான்: ஓய்கன் க்னோட்லர். எழுதியதையே பார்த்துக்கொண்டு நின்றான். காது சிவந்துவிட்டது. பிறகு அந்தப் பேசும் தொண்டையால், எனக்கே சரியாகக் கேட்காதபடி, சொன்னான்:

"கோவிச்சுக்காதீங்க. இதை நான் வெச்சுக்கிறேன். உங்களுக்கு வேற ஒண்ணு கொண்டு வரேன்."

"அதுலயும் எழுதிக் கொண்டாங்க," என்றார் ஹெக்கல் அம்மா.