பெரியப்பா கொடுத்த பாட்டில்

என் அம்மாவின் உடம்பில் பெரியப்பாவின் ரத்தம் ஓடுகிறது என்று பத்து வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பள்ளிக்கூடத்தில், படகில், இறால் பிரிக்கிற இடத்தில், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எழுபதுகளின் கடைசி அது. நான் எட்டு வயதுச் சிறுமி.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்குள், பசியாவரத்துக்கும் தள்ளி இருந்த ஒரு சின்னத் திட்டு. எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் ஓர் ஓலைத் தடுப்புதான். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். ஆனால் நைனாவும் பெரியப்பாவும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. காரணம், பாடு. ஏரியில் இறால் நன்றாக ஓடுகிற இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு வைப்பார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். சீட்டில் விழுந்தது விழுந்ததுதான். ஒருநாள் நைனாவின் பாடு. நைனா வரத் தாமதமாகிவிட்டது. காற்று மாறிவிட்டது, இனி எங்கே வரப்போகிறான் என்று பெரியப்பா தன் வலையைக் கட்டிவிட்டார். அன்றைக்கென்று பார்த்து இறால் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அண்ணன்தானே என்று நைனா விடவில்லை. தம்பிதானே என்று பெரியப்பா இறங்கி வரவில்லை. எங்கள் வீட்டு ஆடு அந்தப் பக்கம் போய் ஓலையைத் தின்றால்கூட பெரியப்பா அதை விரட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். விரட்டினால் அது பேசியதாக ஆகிவிடுமாம்.

அந்த வருடம் அம்மா வெளுத்துக்கொண்டே வந்தாள். மாதத்தில் பாதி நாள் படுக்கை. பெண்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். பழவேற்காட்டு நர்சம்மா அம்மாவின் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, உடனே மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். நைனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஊரிலிருந்து அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. எல்லா வைத்தியமும் பார்த்து முடித்து, இனி வாய்க்கரிசிதான் பாக்கி என்ற நிலையில் கொண்டுபோனால் எப்படித் திரும்புவார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பழி மட்டும் ஆஸ்பத்திரி மேல் விழுந்துகொண்டிருந்தது.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு நைனா, அத்தை, நான் என்று கிளம்பினோம். அத்தை நைனாவின் தங்கை. கூடை தூக்கிக்கொண்டு மெட்ராஸ் வரை போய் நண்டு விற்றவள் என்பதால் அவளுக்கு யாரிடமும் பயம் கிடையாது. படகில் கரை சேர்ந்து, பொன்னேரிக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ரயில்.

பெரியாஸ்பத்திரி எனக்கு ஓர் ஊர் மாதிரிதான் தெரிந்தது. உள்ளே தெரு இருந்தது, ஆலமரம் இருந்தது, டீக்கடை இருந்தது. கண்ணுக்கு ஒரு வாசல், எலும்புக்கு ஒரு வாசல், பிள்ளை பெற ஒரு வாசல். எந்த வாசலில் நுழைவதானாலும் முதலில் வரிசையில் நின்று சீட்டு வாங்க வேண்டும். இங்கேயும் சீட்டு இருப்பதைப் பார்த்ததும் நைனாவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

பெண்கள் வார்டில் ஓர் ஆயா இருந்தார். அந்த இடத்தின் சரித்திரம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். முதலில் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் நாலு கட்டில் போட்டிருந்தார்களாம். அப்புறம் நம் ஆட்களுக்கு வராந்தாவில் பாய். அப்புறம் இந்த வார்டு, அந்த மாடி, டாக்டருக்குப் படிக்கிற காலேஜ். எல்லாம் ஒவ்வொன்றாக முளைத்ததாம். அவருடைய அம்மாவும் அங்கேதான் ஆயாவாக இருந்தாராம். நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்து, "உங்கம்மா மாரி எத்தினி பேரு இந்தக் கதவத் தாண்டி நடந்து வூட்டுக்குப் போனத பாத்துக்கீறேன் தெரியுமா? அழாத, ரொட்டி துன்னு" என்றார். காலையில் அம்மாவுக்குக் கொடுத்த ரொட்டியில் பாதியை நான்தான் தின்றேன்.

பெரிய டாக்டரம்மா வந்தால் பின்னாலேயே பத்துப் பன்னிரண்டு வெள்ளைக் கோட்டுகள் வரும். டாக்டரம்மா கேள்வி கேட்பார், அவர்கள் முழிப்பார்கள். இத்தனை டாக்டர் இருந்தும் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லையே என்று எனக்குக் கவலையாக இருந்தது. அவர்கள் இன்னும் படிக்கிற பிள்ளைகள், இங்கே வைத்தியமும் நடக்கும் பாடமும் நடக்கும் என்று அத்தை சொன்ன பிறகு கவலை இன்னும் கூடியது. அவர்களில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லியான ஒரு பையனிடம், இந்தம்மாவுக்கு எத்தனை மாதமாக ரத்தம் போகிறது என்று டாக்டரம்மா கேட்டார். அவன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். அம்மா போர்வைக்கு வெளியே மெல்ல ஆறு விரலை நீட்டினாள். அவன் பிழைத்தான். அதிலிருந்து எங்களைக் கண்டால் சிரிப்பான்.

கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துவிட்டால் சரியாகிவிடும். ஆனால் எடுப்பதற்கு உடம்பில் ரத்தம் இல்லை. சொந்தக்காரர்கள் நாலு பாட்டில் ரத்தம் கொடுத்தால் அடுத்த வியாழக்கிழமையே ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம், தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார். நைனா அன்றைக்கே ஒரு பாட்டில் கொடுத்தார். மிச்சம் மூன்று. அம்மாவை ஆயாவின் பொறுப்பில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினோம்.

ஊர் கூடியது. பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். ரத்தம் எடுத்தால் அப்புறம் படகு தள்ளக் கோல் ஊன்ற முடியாது என்றார் ஒருவர். போன ரத்தம் திரும்ப ஊறாது என்றார் இன்னொருவர். நைனா சட்டைக் கையை மடித்துத் தன் கையைக் காட்டிக்கொண்டே நின்றார். யாரும் பார்க்கவில்லை. அப்போது அத்தை நடுவில் வந்து நின்றாள். ஆண்கள் கூடுகிற இடத்துக்குப் பெண்கள் வருகிற வழக்கம் இல்லை.

"ஏரிக்கு சீட்டுப் போடறீங்க இல்ல? இதுக்கும் போடுங்க. யாரு பேரு வருதோ அவன் போவட்டும். வுழுந்த பாட்ட எவன் வாணான்னு சொல்றான்னு நானும் பாக்கறேன்" என்றாள்.

பாடு என்று சொன்ன பிறகு அவர்களுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. ஊசி என்றால் பயப்படலாம். பாட்டை விட்டுக் கொடுத்தவன் என்று பெயர் எடுத்து அந்த ஏரியில் பிழைக்க முடியாது. சட்டியில் எல்லோர் பெயரும் எழுதிப் போட்டார்கள். சீட்டை எப்போதும் ஒரு பிள்ளைதான் எடுக்க வேண்டும். அன்று என்னை எடுக்கச் சொன்னார்கள்.

முதல் சீட்டு ஒரு புது மாப்பிள்ளை. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி மூக்கைச் சிந்த ஆரம்பித்தாள். இரண்டாவது, மீன் தரகு பார்க்கிற ஒரு பெருத்த ஆள். மூன்றாவது சீட்டைப் பிரித்தவர் சற்றுத் தயங்கிவிட்டுப் படித்தார். பெரியப்பா.

நைனா தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பா எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "எந்த நாளு?" என்று மட்டும் கேட்டார். அவருக்குப் புதன்கிழமை என்று முடிவானது. ஆபரேஷனுக்கு முந்தின நாள்.

புது மாப்பிள்ளை போய் மயக்கம் போட்டு விழுந்து எழுந்து வந்தான். தரகர் போய், இன்னும் ஒன்று எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். புதன்கிழமை காலையில் கரைக்குப் போனால் பெரியப்பாவின் படகைக் காணோம். வீட்டிலும் அவர் இல்லை. நைனா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா இனி வரமாட்டாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அத்தை நைனாவையும் என்னையும் வேறொரு படகில் ஏற்றினாள்.

பழவேற்காடு பஸ் நிற்கிற இடத்தில் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். தன் கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டிருந்தார். பொத்தான் பாதிதான் போட முடிந்திருந்தது. நைனாவோடு ஒரே படகில் வர மனமில்லாமல் விடிவதற்குள் கிளம்பி வந்துவிட்டாராம். "இன்னா, தூங்கி எழுந்து இப்பதான் வர்றீங்களா?" என்றார் அத்தையிடம்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணாடிப் பையன்தான் எங்களை ரத்தம் எடுக்கிற அறைக்குக் கூட்டிப்போனான். புயலில் கடலுக்குப் போய் வந்த பெரியப்பாவுக்கு ஊசியைப் பார்த்ததும் வியர்த்தது. நான் பாட்டிலில் ரத்தம் ஏறுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பையன் குனிந்து அவரிடம் மெதுவாக ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு, "யாருக்கா இருந்தா இன்னாப்பா, எடு" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ரத்தம் கொடுக்கிற நேரத்திலும் அம்மாவை யாரோ என்கிறாரே என்று நினைத்தேன்.

முடிந்ததும் அவருக்குக் காபியும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார்கள். காபியைக் குடித்துவிட்டுப் பிஸ்கட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வார்டு வாசல் வரை வந்தார், உள்ளே வரவில்லை. என் கையில் பிஸ்கட்டை வைத்து, "உனக்கு ஒண்ணு, உங்கம்மாவுக்கு ஒண்ணு. நான் குடுத்தேன்னு சொல்லாத" என்றார். நான் போன வேகத்தில் முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன்.

ஆபரேஷன் நடந்தது. அம்மா பிழைத்தாள். சில வாரம் கழித்து அவள் படகிலிருந்து தன் காலாலேயே இறங்கி நடந்து வந்தபோது ஊரே கரையில் நின்றது. பெரியாஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த முதல் ஆள் அவள்தான். தையலைக் காட்டச் சொல்லிப் பெண்கள் வரிசையாக வந்தார்கள்.

உடம்பு தேறத் தேற அம்மாவுக்குக் குரலும் தேறியது. அதுவரை அதிர்ந்து பேசாதவள் ஒருநாள் நைனாவை, ஈர வலையை வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டதற்காக வாங்கு வாங்கென்று வாங்கினாள். நைனா திகைத்து நின்றார். நான் விளக்கம் சொன்னேன்: "இது அம்மா இல்ல நைனா. உள்ள பெரியப்பா ரத்தம் பேசுது."

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது: "ஒரு பாட்டிலுக்கே இப்டின்னா, ரெண்டு குடுத்திருந்தா தாங்கமாட்ட போலகீதே."

இரண்டு வருடத்தில் அதுதான் முதல் பேச்சு. நைனா தடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உன்னுதுதானே அண்ணே. வந்து நீயே சமாதானம் பண்ணு" என்றார். பெரியப்பா ஓலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். அன்று எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அதன் பிறகு தினமும் சாயங்காலம் வந்து, "என் பாட்டிலு எப்டிகீது?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ரத்தத்துக்குப் பாடு போடுவதும் ஊரில் நிலைத்தது. வியாதி முற்றுகிற வரை காத்திராமல் ஆட்கள் மெட்ராஸுக்குப் போனார்கள், திரும்பியும் வந்தார்கள்.

எண்பதுகளின் கடைசியில் அத்தை மகளின் பிரசவத்துக்காகச் சீட்டுப் போட்டபோது என் பெயர் விழுந்தது. அதற்குள் பெண்கள் பெயரையும் சட்டியில் போடும்படி அத்தை செய்திருந்தாள். அதே ஆஸ்பத்திரி, கட்டடம் மட்டும் புதிது. கையைத் துடைத்துக்கொண்டே, இந்த ரத்தம் அவளுக்கு ஏறியதும் என் குணம் வந்துவிடும் என்று அங்கிருந்த நர்சிடம் ஜம்பமாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "உங்க ரத்தம் அவங்களுக்குச் சேராதும்மா. அவங்களுக்குச் சேர்றது உள்ளே இருப்புல இருக்கு. இது வேற யாருக்குச் சேருதோ அவங்களுக்குப் போகும்" என்றார்.

ஊருக்கு வந்ததும் நேராகப் பெரியப்பாவிடம் போனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நர்ஸ் சொன்னதைச் சொல்லி, அம்மாவுக்கும் அப்படித்தானா என்று கேட்டேன்.

"அன்னிக்கே தெரியும்" என்றார், ஊசியை நிறுத்தாமல். "அந்தக் கண்ணாடிப் பையன் சொன்னானே. மெட்ராஸ்ல எவனோ ஒருத்தன் என் ரத்தத்த வச்சிக்கினு பெண்டாட்டிகிட்ட கத்திக்கினு கீறான்."

"நைனாவுக்குத் தெரியுமா?"

"அவனுக்கு மொத நாளே சொல்லிட்டாங்க."

"அப்ப ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

பெரியப்பா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "சொல்லிட்டா, அப்றம் நான் இன்னா சாக்கு சொல்லிக்கினு உங்க வூட்டுக்கு வர்றது?"

நான்தான் அவர்களைச் சேர்த்துவைத்தேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை உண்டு. சேருவதற்குக் காத்திருந்த இரண்டு பேருக்கு என் முட்டாள்தனம் உதவியாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம் அவர் வழக்கம்போல ஓலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என் பாட்டிலு எப்டிகீது?" என்றார்.

"நல்லாத்தான் கீது மாமா, உக்காருங்க" என்றாள் அம்மா. அம்மாவுக்கும் தெரியுமோ என்னவோ. நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளே போய் அவருக்குத் தட்டு எடுத்து வைத்தேன்.