கீழ்வீட்டுக்கு வந்த புதுக் குடித்தனம்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி அடைமழையின்போது நடந்தது இது. குரங்கணியில் தனியாக இருந்த என் அம்மா, பாசி பிடித்த வாசற்படியில் வழுக்கி விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜீப்பில் ஏற்றிப் போடிக்குக் கொண்டுவந்தார்கள். தொடை எலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர், "வாக்கர் வச்சு நடப்பாங்க. ஆனா இனிமே தனியா விடாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

நான் ஒரே பிள்ளை. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை. கணவர் ஒரு மளிகைக் கடையில் இருக்கிறார். நாங்கள் குடியிருந்தது மாமியாருடைய சொந்த வீட்டில். அவரும் நாங்களும் மாடியில் இருந்தோம். கீழ்வீட்டை வாடகைக்கு விட்டிருந்தோம்.

என் மாமியார் கறாரான மனுஷி. எதிர்வீட்டு மருமகளின் அம்மா அங்கேயே வந்து தங்கியபோது, "பொண்ணக் குடுத்த எடத்துல வந்து உக்காந்தா மருவாதையாவா இருக்கும்?" என்று அவர் ஒருமுறை சொன்னது என் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது. அம்மாவும் அதே எண்ணம் கொண்டவள்தான். எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு வாய் காப்பியோடு கிளம்பிவிடுவாள்.

அதனால் நானே ஒரு முடிவு செய்தேன். தேவாரம் போகிற வழியில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தை விசாரித்து, இடமும் சொல்லிவைத்துவிட்டு வந்தேன். அம்மாவிடம் சொன்னபோது, "சரித்தா, ஒனக்கு எது தோதோ அதச் செய்யி" என்றாள். கண் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமியாரிடம் சொன்னேன். "நானும் கூட வர்றேன்" என்றார், அவ்வளவுதான்.

கொண்டுபோய் விடுகிற நாளில் நாங்கள் மூவரும் காரில் போனோம். இல்லம் சுத்தமாக இருந்தது. வராந்தாவில் சிலர் தாயம் விளையாடிக்கொண்டு சிரித்துப் பேசினார்கள். 'நல்ல இடம்தான்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பொறுப்பாளராக இருந்த அம்மையார் ஒரு படிவத்தை எடுத்தார். என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, "இங்க தங்குறதுக்கு உங்களுக்குச் சம்மதமாம்மா?" என்றார்.

"எம் மக சொன்னாச் சரிதாங்க."

"மகளுக்குச் சம்மதம்னு தெரியும்மா. நான் உங்களைக் கேக்குறேன்."

அம்மா வாக்கரின் பிடியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அந்த அம்மையார் பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டார். எனக்குக் காது மடல் சுட்டது. இந்தக் கேள்வியை நான் அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அப்போதுதான் மாமியார் வாயைத் திறந்தார். "எங்கிட்டயும் ஒரு வார்த்த யாரும் கேக்கலையே!" என்றவர், அம்மாவின் பக்கம் திரும்பினார். "மதினி, கீழ்வீட்டுல இருந்தவுக காலி பண்ணி ரெண்டு மாசமாச்சு. சும்மாதான் பூட்டிக் கெடக்கு. அங்க வந்து இருக்கீகளா?"

"பொண்ணக் குடுத்த எடத்துல எப்படி மதினி..."

"சம்பந்தியா வர வேணாம். குடித்தனமா வாங்க. வாடகையக் குடுங்க, நானும் கூசாம வாங்கிக்கிறேன். ஒங்க அடுப்பு, ஒங்க சாவி. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல?"

விழுந்த நாளிலிருந்து அன்றுதான் அம்மா முதல்முறையாகச் சிரித்தாள். "வாடகைய வாங்கிக்கிறதா இருந்தா வர்றேன் மதினி" என்றாள். குரங்கணி வீட்டை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்திலேயே கொடுத்துவிடலாம் என்று அங்கேயே கணக்கும் போட்டுவிட்டாள்.

பொறுப்பாளர் அம்மையார் கோபித்துக்கொள்ளவில்லை. படிவத்தின் பின்பக்கத்திலேயே குளியலறையில் எந்த உயரத்தில் கைப்பிடி வைக்க வேண்டும், கட்டில் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று படம் போட்டுக் கொடுத்தார். "முடியாத காலம் வந்தா யோசிக்காம வாங்க. இதுவும் வீடுதான்" என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அந்த வாரமே கணவர் ஆள் பிடித்துச் சுவரில் கைப்பிடிக் குழாய் பொருத்தினார். கழிப்பறையில் உட்காரும் கோப்பை வைத்தார். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அம்மாவுக்கு மாமியார் துணை. எல்லாம் தேனாக ஓடியது என்று சொல்ல மாட்டேன். சீரியல் சத்தத்துக்கும் குழம்பில் புளி கூடியதற்கும் இருவரும் இரண்டு நாள் பேசாமல் இருந்ததுண்டு. ஆனால் போன வருடம் மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் செய்தபோது, மாடி ஏற வேண்டாம் என்று அம்மாவே அவரைக் கீழ்வீட்டில் படுக்கவைத்துக்கொண்டாள். வாக்கரை ஊன்றி எழுந்து, வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டாள்.

அந்த இரண்டு மாதமும் கீழ்வீட்டின் பூட்டிய கதவைத் தாண்டித்தான் நான் தினமும் மாடிப்படி ஏறினேன், ஆனாலும் அம்மாவை அங்கே குடிவைக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாமேல் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. அந்தப் பாசத்தின் தைரியத்தில் இரண்டு பெரியவர்களின் மனதையும் நானே படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேனே, அதை நினைத்தால் இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது.