வேண்டாவின் கொல்லைக் கசிவு

நாலாவதும் பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு வேண்டா என்று பேர் வைத்தார்கள். சதுரங்கப்பட்டினம் ரோட்டுக்கு மேற்கே, ஏரிக்கரையின் அடியிலிருந்த உலகநாதன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். மாமியார் சரோஜா செத்துப்போனாள். புருஷன் உலகநாதனும் போய் ஒன்பது வருஷம். மகன் சரவணகுமார் ஒரகடத்தில் கம்பெனி வேலை. ஞாயிறு தவறாமல் போன் மட்டும் வரும். பக்கத்து வீட்டார் ஒவ்வொருவராக ரோட்டோரம் மனை வாங்கிப் போய்விட, கரையடியில் அவள் வீடு ஒன்றுதான் மிச்சம். சில நாள் கோழி விரட்டுவது தவிர வேறு பேச்சே அவள் வாயிலிருந்து வராது.

கொல்லையில் ஒரு கசிவு உண்டு. ஏரி நிரம்பினால் கரையடியிலிருந்து விரல் கனத்தில் தண்ணீர் வரும். அதை வைத்துத்தான் கீரை, ரெண்டு வாழை. கரைக்குக் காவல் பார்த்த உலகநாதன் மழைக்காலத்தில் தினம் காலையில் அந்தத் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பான். “தெளிவா வர்ற வரைக்கும் பயமில்ல. மண்ணோட வந்துச்சினா, கரைய உள்ளேந்து அரிக்குதுன்னு அர்த்தம்.” அவன் போன பிறகும் அவள் பாட்டிலை விடவில்லை.

முந்தின வருஷம் ஐப்பசியில் அஞ்சு நாள் விடாத மழை. ஏரி நிரம்பிக் கோடி வழிந்தது. ஆறாம் நாள் காலை பாட்டிலின் அடியில் மண் படிந்தது. கொட்டிவிட்டு மறுபடி பிடித்தாள். மறுபடியும் மண்.

வீடு ஏரிப் புறம்போக்கில் இருந்தது, பட்டா கிடையாது. கரையில் வேலை என்று வந்தால் முதலில் இடிப்பது இதைத்தான் என்று அளக்க வந்தவர்கள் எப்போதோ சொல்லியிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டால் மழை விட்டதும் தானே அடங்கினாலும் அடங்கும். மூன்றாம் தடவை பிடித்தாள். செம்மண் கரைத்த மாதிரி வந்தது.

அண்ணன் கருமாதிக்குப் பிறகு அவள் வாசலை மிதிக்காத கொழுந்தன் செங்கல்வராயன் வீட்டுக்கு நனைந்துகொண்டே போனாள்.

“இன்னா அண்ணி, மழையில பாட்டிலத் தூக்கிகினு வர்ற? சரக்கா?”

“கண்ணத் தொறந்து பாருடா. கரை மண்ணு வருது.”

சிரிப்பு நின்றது. பத்து பேர் மணல் மூட்டையோடு அவள் கொல்லைக்கு ஓடிவந்து கசியும் ஓட்டையில் திணிக்கப் போனார்கள்.

“யோவ், அடைக்காத! அடைச்சா வேற பக்கம் பிச்சிகினு வரும். சுத்தி அடுக்கு. உள்ள மணலும் ஜல்லியும் கொட்டு. தண்ணி வரட்டும், மண்ணு நிக்கணும். ஒருத்தன் போயி மதகத் தொற, ஏரி எறங்கட்டும்” என்று கத்தினாள் வேண்டா.

“உனக்கு யாரு சொன்னது?” என்றான் செங்கல்வராயன்.

“உங்க அண்ணன்தான். வேற யாரு என்னாண்ட பேசினீங்க?”

சாயங்காலத்துக்குள் தண்ணீர் தெளிந்தது. கரை நின்றது.

பங்குனியில் ஏரி இறங்கியதும் என்ஜினியரம்மா வந்தார். கரையடியில் முப்பது அடி அகலத்துக்கு மண் போட்டு அணைக்க வேண்டும் என்றார். வாசலிலிருந்து வாழை வரைக்கும் எல்லாம் அதற்குள் அடங்கியது. வேண்டா சண்டை போடவில்லை; கோழியைப் பிடித்துக் கூடையில் அடைத்தாள்.

“இங்க வந்துடும்மா” என்றான் சரவணகுமார் போனில்.

“இந்த வருஷ மழையப் பாத்துட்டு வரேன்” என்றாள்.

இப்போது கொழுந்தன் வீட்டுப் பின்னால் தகரம் போட்ட ஒற்றை அறை. சோறு வருகிறது, கொண்டு வருபவர்கள் உட்காருவதில்லை. மழை பிடித்தால் காலையில் கரையடிக்குப் போகிறாள். வீடிருந்த இடத்தில் மண்மேடு. அதன் கீழே பதித்த குழாயில் கசிவு சொட்டுகிறது. பாட்டிலில் பிடித்துத் தூக்கிப் பார்க்கிறாள்.

“தெளிவாத்தான் கீது” என்கிறாள், பக்கத்தில் ஆள் நிற்பது போல. பிறகு கொட்டிவிட்டுத் திரும்புகிறாள்.