தாளின் இடது ஓரம்

ஒரு ஹைட்ரஜனைக் காணோம் என்று ஒரு கோடை முழுக்க அலைந்தவள் நான். செருப்பைக் காணோம், சாவியைக் காணோம் என்று தேடுகிறவர்கள் உண்டு. நான் தேடியது ஓர் அணுவை. வீட்டில் சிரிக்காத ஆள் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி. திண்டுக்கல்லில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் கல்லூரி திறப்பதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த நாற்காலியில் உட்கார அடுத்த ஆள் தயாராக இருந்தாள். எனக்கு ராத்திரி பகல் இதே நினைப்புதான்.

நான் செய்திருந்தது சால்கோன் என்கிற வகைப் பொருள். மஞ்சள் மஞ்சளாக ஊசி போன்ற படிகம். அதில் பதினான்கு ஹைட்ரஜன்கள் இருக்க வேண்டும். இருக்கின்றனவா என்று சொல்வது என்.எம்.ஆர். படம். பொருளைப் பெரிய காந்தத்துக்குள் வைத்தால், ஒவ்வொரு ஹைட்ரஜனும் தன் அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, தாளில் ஓர் இடத்தில் சிகரமாகத் தலைகாட்டும். அந்த இடத்தின் எண்தான் கெமிக்கல் ஷிஃப்ட். வலது கோடியில் பூஜ்யம். இடது பக்கம் போகப் போக எண் ஏறும். எங்கள் ஊரில் அந்தக் கருவி ஏது? சின்னக் குப்பியில் பொடியை அடைத்து வெளியூர் ஆய்வு நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, தபால்காரரின் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்.

ஒருவழியாகப் படம் வந்தது. நீளமான தாள், அட்டைக் குழாய்க்குள் சுருட்டி வைத்திருந்தார்கள். வாங்கியவர் என் வழிகாட்டிப் பேராசிரியர். நல்ல மனுஷர், அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் அவருடைய பாடம் உலோகச் சேர்மங்கள். கரிமப் பொருளின் படம் அவர் கைக்கு வருவதே அபூர்வம். அதனால் அந்தத் தாள் அவருக்குச் சாமி படம் மாதிரி. "ஒரிஜினல்ல கை படக் கூடாது, மடிக்கவே கூடாது" என்று சொல்லி, சுருளைப் பாதி விரித்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் எடுத்து, நகலை என்னிடம் தந்தார். ஒரிஜினல் அவர் பீரோவுக்குள் போய்விட்டது.

எண்ணினேன். மெத்தாக்ஸி என்ற தொகுதியின் மூன்று ஹைட்ரஜன்களும் 3.8இல் ஜம்மென்று நின்றன. மற்றவை ஏழு, எட்டுப் பக்கம் கூட்டமாக. மொத்தம் பதின்மூன்று. ஆக்சிஜனோடு சேர்ந்து ஓ.ஹெச். ஆக இருக்க வேண்டிய ஒரே ஒரு ஹைட்ரஜனைக் காணோம்.

"ஃபெரிக் குளோரைடு போட்டுப் பாத்தேன் சார், நல்லா நிறம் வருது. ஓ.ஹெச். இருக்கு."

"ஆரம்பத்துல போட்ட பொருள் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் நிறம் வரும்மா. படத்துல இல்லையே? வேற என்னமோ ஆயிருக்கு. கலக்கும்போது கவனம் எங்க இருந்துச்சு? திரும்பச் செய்."

கவனம் எங்கே இருந்ததா! எனக்கு மூக்குக்கு மேலே கோபம். திரும்பச் செய்தேன். அதே மஞ்சள் ஊசி, அதே உருகுநிலை. மறுபடி வெளியூருக்கு அனுப்பிப் படம் வாங்க நாளில்லை.

வீட்டில் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். தோல் மண்டியிலிருந்து சாப்பிட வந்த அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, "ஒத்த ஹைட்ரஜன்தானம்மா? கடையில சொல்லி வச்சா வந்துரும்ல" என்றார். சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "வேலை போனாப் போகுது, நீ மொதல்ல சாப்பிடு" என்றார். வேலை போனால் போகட்டும் என்று அவர் சொன்னதுதான் என்னை இன்னும் குத்தியது. தட்டைத் தள்ளிவிட்டு நகலை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலடியில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அடியிலிருந்த அளவுக்கோட்டைப் பார்த்தேன். அதுவரை சிகரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கோடியில் பூஜ்யம், பிறகு ஒன்று, இரண்டு என்று ஏறி எட்டு, ஒன்பது. ஒன்பதுக்கு அடுத்து, இடது விளிம்பை ஒட்டி, மறுபடி ஒரு பூஜ்யம்.

ஒன்பதுக்கு அப்புறம் பூஜ்யமா? அட கடவுளே, அது பத்து! பத்தின் ஒன்று வெட்டுப்பட்டிருக்கிறது. எண்ணையே பாதியில் வெட்டியிருந்தால் தாள் அதற்கு அப்பாலும் போகிறது. பாடப்புத்தகத்தில் எல்லாப் படமும் பத்தோடு முடிந்துவிடும் என்பதால் எங்கள் இரண்டு பேருக்கும் சந்தேகமே வரவில்லை. என் பொருளில் ஓ.ஹெச். தனியாக இல்லை, பக்கத்திலேயே இன்னோர் ஆக்சிஜன் அந்த ஹைட்ரஜனை இழுத்துப் பிடித்திருக்கிறது. அப்படிப் பிடிபட்டது பத்தையும் தாண்டிப் போய் நிற்கும்.

ஓடினேன். துறை பூட்டியிருந்தது. மாங்காய் இறக்குகிறார்கள் என்று சார் நத்தத்தில் மாமனார் தோப்புக்குப் போயிருக்கிறார் என்றார் வாட்ச்மேன். பீரோ சாவியும் அவர் இடுப்பில். எங்கள் ஊரில் பூட்டை உடைத்துப் பார்க்கலாமா என்று யாருக்கும் தோன்றாது. நத்தம் பஸ் ஏறினேன். அது நிற்காத இடமில்லை. டிரைவர் டீ குடிக்க இறங்கியபோது அவரை அடிக்கலாம் போலிருந்தது.

தோப்பில் கைலியோடு நின்றிருந்த சார் திடுக்கிட்டார். "என்னம்மா, இம்புட்டு தூரம்?"

"ஒம்போதுக்கு அடுத்து பூஜ்யம் வருமா சார்?"

நகலை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "செத்த நேரம் இரு, சட்டையப் போட்டுட்டு வாரேன்" என்றவர், அடுத்த பஸ்ஸிலேயே என்னோடு ஊர் திரும்பினார்.

பீரோவைத் திறந்து சுருளை முதல் தடவையாக முழுதும் விரித்தார். சுருண்டு கிடந்த இடது ஓரத்தில், 12.8இல், தன்னந்தனியாக ஒரு சின்னச் சிகரம். கூரானது, நேரானது. எத்தனை ஹைட்ரஜன் என்பதற்கு, அதன் தலையில் கருவியை இயக்கியவர் பென்சிலால் ஒன்று என்று எழுதியும் வைத்திருந்தார்.

"கவனம் எங்கன்னு கேட்டீங்களே சார்" என்றேன். பஸ்ஸில் நான் உருப்போட்டுக்கொண்டு வந்தது பெரிய பேச்சு. வந்தது இவ்வளவுதான். அதற்குள் அழுதுவிட்டேன்.

"எங்கிட்டதாம்மா இல்ல" என்றார்.

பைண்டிங்குக்குக் கொடுக்கும் நாளில், இரண்டு துண்டாக ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிவிடலாமா என்று கேட்டேன். அவர் தலையாட்டி மறுத்தார். ஒரிஜினலையே மேசையில் விரித்து, ஆய்வேட்டின் அளவுக்குத் தன் கையாலேயே மடிக்க ஆரம்பித்தார், பிரித்ததும் இடது ஓரம் முதலில் தெரிகிற மாதிரி. மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்தார்.

"மெதுவா சார்" என்றேன் நான். "ஓரம் கிழிஞ்சிரும்."