என் ஃபார்மோட ஏழாவது கேள்வி

இன்னிக்கு காலைல எமர்ஜென்சி வார்டுல ஒரு பேஷண்ட் என் முடியைப் பிடிச்சு இழுத்து மூஞ்சில ஓங்கிக் குத்தினான். கீழே விழுந்தப்புறமும் வயித்துல உதைச்சான். செக்யூரிட்டி வந்துதான் பிரிச்சாங்க.

மேனேஜர் ஐஸ் பேக்கோட அடி வாங்கின நர்ஸ் எழுதிக் கொடுக்கிற ரிப்போர்ட் ஃபார்மையும் நீட்டினா.

"நீ டிசைன் பண்ணதுதானே, சீக்கிரம் ஃபில் பண்ணிடுவே."

ஆமா. என்னை மாதிரி நர்ஸுங்க அடி வாங்குறதைக் குறைக்கிறதுதான் என் ஆன்லைன் டாக்டரேட் ப்ராஜெக்ட்; அதுக்காகப் போட்ட ஃபார்ம்தான் இது.

ஏழாவது கேள்வி: "இதைத் தவிர்க்க நீங்கள் என்ன செய்திருக்கலாம்?"

ப்ரொஃபசர் தனியா பாராட்டின கேள்வி. இன்னிக்கு அதுமேலேயே என் மூக்கு ரத்தம் சொட்டுச்சு.

சாயங்காலம் க்ளாஸ்ல வீங்கின மூஞ்சியோட கேமரா ஆன் பண்ணி, எல்லார் முன்னாடியும் அந்தக் கேள்வியை டெலீட் பண்ணப்போறேன்.

"கொஞ்சம் தள்ளி நின்னிருக்கலாமே"ன்னு கமெண்ட் போட வர்றவங்க வாங்க. திருப்பி ஒரு குத்து விட கை இன்னும் துடிச்சுக்கிட்டுதான் இருக்கு.