கேட்காத பேச்சுக்குச் சொன்ன சரி

“…நானே சரின்னு சொல்லீட்டனாமா, அதுவும் சிரிச்ச மூஞ்சியா சொன்னனாமா. காதுலயே உழுகாத பேச்சுக்கு ஒருத்தி எங்கிருந்து தம்பி சரிம்பா?” என்று கேட்டபடியே அக்கா மடிக்கணினியை என் மேசைமேல் வைத்தார். பச்சைக் குழந்தையைச் சுற்றுவது போலப் பழைய சேலைத் துணியில் சுற்றியிருந்தார்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் அல்ல, பெரியம்மா மகள். திருச்செங்கோட்டில் நான் வைத்திருக்கும் கடைக்கு எருமப்பட்டிப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கோழிப்பண்ணைகளுக்குக் கேமரா மாட்டுவதும் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பிரித்துப் போட்டு, கெடுத்து, திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது.

விஷயம் இதுதான். வீட்டை ஒட்டிய காட்டை, அந்த விளைநிலத்தை, மாமா கண் மூடுவதற்கு முன்பே மகன் பெயருக்கு எழுதி வைத்துவிட்டார். மகன் இப்போது வெளிநாட்டில். போகும்போது தன் பழைய மடிக்கணினியில் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸைப் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஞாயிறு தவறாமல் அதில் முகம் காட்டுவான். அந்த வாரம் திடீரென்று ஒரு தரகர் காட்டுக்குள் வந்து நின்று, “காட்டை விக்கறதுக்கு உங்க பையன் அம்மாகிட்டக் கேட்டுட்டேன்னாருங்களே, நீங்க சரின்னீங்களாமே” என்றாராம். திங்கட்கிழமை அளக்க வருகிறார்களாம்.

“சத்தம் எப்படி வருதுங்கக்கா?” என்றேன்.

“தகர டப்பாவுக்குள்ள குளவி பூந்தாப்பல. அவன் வாய் அசையறது தெரியும். என்னமோ சொல்றான், நல்லதுதான் சொல்லுவான்னு சரி சாமி, ஆகட்டும் சாமின்னு சொல்லிக்கிட்டே இருப்பேன்.”

“கேக்கலைன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“மொதல்ல ஒருக்காச் சொன்னேன். ‘ஓசி சாப்ட்வேரு, அவ்வளவுதாம்மா சத்தம் வரும்’னான். அவன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. மகன் குடுத்த பொருளுக்கு ஆத்தாக்காரி நொட்டை சொல்லலாமா?”

இந்தப் பக்கத்தில் இது ஒரு வழக்கம். மகன் எடுத்துக் கொடுத்த சேலை கரையெல்லாம் சாயம் போனாலும் அதைக் கட்டிக்கொண்டுதான் விசேஷத்துக்குப் போவார்கள். அக்காவும் அப்படித்தான், சத்தம் போன பொட்டிக்கு முன்னால் மாதக்கணக்கில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். செல்போனில் கூப்பிட்டால் அவன் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பேச்சுதான் மிச்சம். பத்திரத்தில் அவர் பெயர் இல்லை. அக்காவிடம் இருந்தது ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல் மட்டும். அதைச் சொல்வதற்கு முன் அவன் என்ன கேட்கிறான் என்று அவர் காதில் விழ வேண்டும்.

“இந்த ஞாயித்துக்கெழமை மட்டும் எனக்குக் கேக்கறாப்புடி பண்ணிக் குடு. அப்புறம் அது செவிடாப் போனாலும் போகட்டும்.”

பிரித்தேன். ஸ்பீக்கர் வலையில் கடலைத்தோல் தூசி அப்பியிருந்தது. பிரஷ்ஷால் தட்டினேன். அதற்கே பாதி உயிர் வந்தது. மீதி உள்ளே. திரையின் மூலையில் தெரிகிற சத்த அளவு முழுசாகத்தான் இருந்தது. ஆனால் லினக்ஸில் அதற்கு அடியில் இன்னொரு அடுக்கு உண்டு. கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்தால் சத்தத்தின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கம்பம் எழுந்து நிற்கும். ஸ்பீக்கர் கம்பம் கால்வாசியில் நின்றது. மேலே வாய்க்காலை எவ்வளவு திறந்து என்ன, கீழே மடை அடைத்திருந்தால்? ஏற்றினேன். சமன்படுத்தும் மென்பொருள் ஒன்றைப் போட்டு, அடித்தொண்டை இரைச்சலைக் குறைத்து, மனிதக் குரல் இருக்கும் இடத்தை மட்டும் தூக்கிவிட்டேன். மைக்கையும் சரிசெய்து, அக்காவையே பேச வைத்துப் பதிவு செய்து போட்டுக் காட்டினேன்.

“அட, என்ற தொண்டை இவ்வளவு கரகரன்னா இருக்குது! உங்க மாமன் இத்தன வருசம் பொறுத்தாரே, புண்ணியவான்” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஓசி என்பதால் சத்தம் வராமல் இல்லை. சரிசெய்ய ஓசிதான், உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். லினக்ஸைப் போடத் தெரிந்தவனுக்கு அந்தக் கம்பத்தை ஏற்றத் தெரியாதா என்ற கேள்வி என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அக்காவின் சிரிப்பைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

ஞாயிறு சாயங்காலம் நானும் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்துப் பண்ணையின் வைஃபை எட்டுகிற ஜன்னலோரம் பொட்டியை வைத்தேன். நான் திரைக்குத் தெரியாமல் ஓரமாக உட்கார்ந்தேன்.

“சாப்ட்டியாம்மா?”

கூடத்தில் நின்று கேட்பது போல வந்தது குரல். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

“சாப்ட்டேன் சாமி. பாப்பாவுக்குப் பல்லு உழுந்துருச்சா?” பேத்தியைப் பற்றி மெதுவாகத்தான் கேட்டார்.

“உழுந்துருச்சும்மா, நேத்துத்தான். தலகாணிக்கடியில வெச்சுட்டுப் படுத்துக்கிட்டா.”

அந்தப் பக்கமும் கேட்கிறது, நல்லாவே கேட்கிறது என்று எனக்கு நிம்மதி.

அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். “சாமி, காட்டை விக்க வேண்டாம். நீ என்ன கேட்டீன்னே அன்னைக்கு எனக்குக் கேக்கல. நான் சரிங்கல.”

மகன் முகம் அசையவில்லை. கண் மட்டும் ஒருமுறை இமைத்தது.

“என்னம்மா? கேக்கல. கட்டாகுது.”

“காட்டை விக்க வேண்டாங்கறேன்.”

“அலோ? அம்மா? உடஞ்சு உடஞ்சு வருது.”

வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரைக் கூப்பிடுவது போல அக்கா கத்தினார். “வேண்டாம் சாமி! எனக்கு அந்தக் காடு வேணும்!” திரையில் மைக்கின் பச்சைக் கோடு உச்சிக்கு ஏறி இறங்கியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உன்ற பொட்டி இன்னும் சரியாகலம்மா. ஓசி சாப்ட்வேரு அப்படித்தான். சரி, நாளைக்கு அளக்க ஆளுங்க வருவாங்க. வெயில்ல நிப்பாங்க, மோர் கீர் குடு. வெச்சர்றேன்.” ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

திரை இருண்டது. அக்கா என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் இருந்த கோபம் என்மேல்தான்.

“எனக்குக் கேக்கறாப்புடி பண்ணுனயே, அவனுக்குக் கேக்காம உட்டுட்டியே தம்பி. எதையோ தப்பாத் திருகீட்ட.”

பதிவு செய்து போட்டுக் காட்டினோமே என்று சொல்லியிருக்கலாம். பாப்பா பல்லு மட்டும் எப்படிக் கேட்டது என்று கேட்டிருக்கலாம். அக்காவிடம் மிச்சம் இருந்தது காடும் மகனும். ஒன்று நாளைக்குப் போகிறது. இன்னொன்றை நான் இன்றைக்கே பிடுங்க வேண்டுமா?

“அப்படித்தான் இருக்குமுங்கக்கா. என்ற தப்புத்தான்” என்றேன்.

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனார். பால் சொசைட்டிக்கு ஊற்றக் கறந்து வைத்திருந்த பாலில் பாதியை மொண்டு காய்ச்சி, ஆற்றி, நாளைக்கு அளக்க வருகிற அத்தனை பேருக்கும் மோர் காணுகிறாற்போலப் பெரிய சட்டியாகப் பார்த்து உறை ஊற்றி வைத்தார்.